வாயிலில் அமர்ந்தவர், செவியில் அமர்ந்தவர்: கல்விக்கடன் வசூல் அழைப்புகளின் முன்வரலாறு

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் மாணவர்களிடையே இப்போது பரவலாகக் காணும் ஒரு காட்சி உண்டு. இளங்கலைக்கோ பொறியியலுக்கோ வாங்கிய கல்விக்கடனின் தவணை நிலுவையில் இருக்கும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும். நாளொன்றுக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணிலிருந்து தொலைபேசி ஒலிக்கும். சில நாள்களில் ஊரில் இருக்கும் தந்தைக்கும், அதன்பின் விண்ணப்பத்தில் அறிமுகதாரராகப் பெயர் கொடுத்திருந்த ஆசிரியருக்கும் அழைப்பு போகும். இதைப் பற்றிப் பேசும் மாணவர்கள் குறைவு. “கடன் வாங்கியது உண்மைதானே, நான் என்ன சொல்ல முடியும்?” என்பதே அவர்களது மௌனத்தின் காரணம்.

அந்தக் காரணத்தை வரலாற்றின்வழிச் சோதிக்கவே இப்பதிவு. கடன் உண்மையானது என்பது ஒரு செய்தி. அதை வசூலிக்கும் முறை ஏற்கத்தக்கதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இந்தியச் சட்ட வரலாறு இவ்விரண்டையும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித்தனியாகவே வைத்துப் பார்த்துவந்திருக்கிறது. மாணவர்கள்தாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தவிக்கிறார்கள்.

மனுவின் நூலில் எட்டாம் அத்தியாயம் கடனை மீட்க ஐந்து வழிகளைச் சொல்கிறது: நயமாகப் பேசுதல், வழக்காடுதல், தந்திரம், ‘ஆசரிதம்’, பலாத்காரம். நான்காவதான ஆசரிதம் என்றால் என்ன என்பதற்கு உரைமரபு பிருகஸ்பதியின் விளக்கத்தைத் துணைக்கழைக்கிறது. கடனாளியின் மனைவி, மக்கள், கால்நடை ஆகியோரைத் தடுத்துவைத்து, அவன் வாயிலில் காவலிருந்து பணம் பெறுவது அது. இங்கே கவனிக்க வேண்டியது, கடனாளியைத் தொடுவதற்கு முன்பே அவனுடைய குடும்பத்தைத் தொட்டுவிடுகிறார்கள் என்பது. கடன் ஒருவருடையது, அழுத்தமோ அவரைச் சூழ்ந்தவர்கள்மீது விழுகிறது. இன்றைய வசூல் முகவர் ஆசிரியரை அழைக்கும்போது எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கடந்து சென்ற மார்கோ போலோ வேறொரு வழக்கத்தைப் பதிவுசெய்கிறார். அரேபியர் ‘மாபார்’ என்றழைத்த அந்தக் கடற்கரையில், பலமுறை கேட்டும் பணம் தராத கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிட்டால், பணமோ ஈடோ தராமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடுந்தண்டனை. வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குப் பணம் தரவேண்டியிருந்த அரசனே குதிரைமேல் வந்துகொண்டிருந்தபோது இப்படி வளைக்கப்பட்டு, வணிகர் நிறைவடையும்வரை அசையாமல் நின்றதைத் தாம் நேரில் கண்டதாக அவர் சொல்கிறார். பயணியின் கூற்றை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆயினும் அந்த வட்டத்திற்கு இரண்டு இயல்புகள் இருந்தன: அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, கடனாளியை மட்டுமே சூழ்ந்தது. அரசனைச் சூழ்ந்த அளவுக்கு அதில் ஒருவகைச் சமத்துவமும் இருந்தது.

காசியில் ஆங்கிலேயர் எதிர்கொண்ட ‘தர்ணா’ இதைவிடக் கொடியது. கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஷோர் 1790களில் ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ இதழில் இதை விவரித்திருக்கிறார். உரிமை கோரும் பிராமணர் நஞ்சோ குத்துவாளோ கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் வாயிலில் உண்ணாமல் அமர்ந்துவிடுவார். உள்ளே இருப்பவரும் உண்ணலாகாது. வெளியே வர முயன்றால் பிராமணர் உயிரை விடுவார். பிரமஹத்திப் பழி கடனாளிமேல் விழும். அயர்லாந்தின் பழஞ்சட்டத்திலும் கடனாளியின் வாயிலில் நோன்பிருக்கும் வழக்கம் இருந்ததைச் சுட்டி, ஹென்றி மெய்ன் 1875இல் இரண்டையும் ஒப்பிட்டார். (தர்ணா என்ற சொல் பின்னாளில் தலைகீழாய்த் திரும்பியது வரலாற்றின் குறும்பு. இன்று வங்கி வாயிலில் தர்ணா இருப்பவர்கள் பெரும்பாலும் கடனாளிகள்தாம்.)

கம்பெனி அரசு 1795இல் காசிப் பகுதிக்கான ஒழுங்குவிதி ஒன்றின்மூலம் தர்ணாவைத் தடைசெய்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவு அதை நாடு முழுமைக்குமான குற்றமாக்கியது. தெய்வக் குற்றத்துக்கு ஆளாவாய் என்று ஒருவரை நம்பவைத்து அவரை ஒன்றைச் செய்யவைப்பது குற்றம் என்ற அப்பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு, வாயிலில் தர்ணா அமர்வதுதான். கோரப்படும் பணம் நியாயமாகவே வரவேண்டியதா இல்லையா என்று அந்த எடுத்துக்காட்டு கேட்பதில்லை. அக்கேள்வி அதற்குப் பொருட்டே அன்று.

இதைக் கருணையாக வாசிப்பது பிழை. வற்புறுத்தும் அதிகாரத்தை அரசு தன் கையில் மட்டுமே வைத்துக்கொள்ள விரும்பியது. வாயிலில் அமர்ந்தவரை எழுப்பி நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அவருக்குத் தீர்ப்பாணையும் அமீனாவும் ஜப்தியும் சிறையும் கிடைத்தன. கடனுக்காகச் சிறை என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால், வசதியிருந்தும் தராமல் ஏய்ப்பவர் போன்றோருக்கு மட்டுமே அது என்று 1936இன் திருத்தம் வரம்பிட்டது. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், இல்லாமையால் கட்டமுடியாதவரைச் சிறையிலிடுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு முரண் என்றார். அதே நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சமையல் பாத்திரங்களையும் உடுக்கும் துணியையும் சம்பளத்தின் பெரும்பகுதியையும் ஜப்தியிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. நீதிமன்றத்தின் வழியாக வரும் கடன்காரர் உங்கள் பாத்திரத்தைத் தொட முடியாது. தொலைபேசியில் வருபவருக்கு அப்படியொரு வேலி நெடுங்காலம் இருக்கவில்லை.

இடையில் ஓர் அத்தியாயத்தைத் தொழிலாளர் வரலாறு நமக்குத் தருகிறது. விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் அளித்த அறிக்கையில், சம்பள நாளன்று ஆலைவாயிலில் தடியுடன் காத்திருக்கும் வட்டிக்காரர்களைப் பற்றி எழுதியது. அடமானம் வைக்க ஏதுமில்லாத கூலித்தொழிலாளிக்குக் கொடுத்த கடன் அது. அவருடைய உடலும் கூலியும் ஒருசேர வெளிப்படும் இடம் ஆலைவாயில். எனவே அங்கே தடி நின்றது. கடனுக்காகத் தொழிலிடத்தை முற்றுகையிடுவதைக் குற்றமாக்க ஆணையம் பரிந்துரைத்தது. வங்காளம் 1934இல் அதற்கென ஒரு தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. மத்திய மாகாணங்களின் 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விரிந்து, கடனாளியைப் பின்தொடர்வதையும், அவர் வீட்டருகிலோ வேலையிடத்திலோ சுற்றித் திரிவதையும் ‘தொல்லை’ என வரையறுத்துத் தண்டித்தது.

என் வாசிப்பில், கல்விக்கடன் அழைப்பின் நேரடி முன்னோர் தர்ணாவைவிட இந்த ஆலைவாயில் தடிதான். காரணம் எளிது. ஈடு இல்லாத கடனுக்கு அவமானமே ஈடாகிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய மாணவர் கடன் முயற்சி இப்படித் தொடங்கவில்லை. 1963இல் வந்த தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தில் கடன் கொடுத்தது அரசு, வட்டி இல்லை. படித்து முடித்து ஆசிரியப் பணிக்குச் சென்றவருக்குப் பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி செய்யப்பட்டது. பணத்தைப் பணியாகத் திருப்பித் தரலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் வசூல் மிக மோசம். ஜே.பி.ஜி. திலக் போன்ற கல்விப் பொருளியலாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். கடனை வசூலிக்கும் இயந்திரம் எதுவும் அத்திட்டத்திடம் இல்லை; துரத்தும் இயந்திரமும் இல்லை. இன்று அதைத் தோல்வியுற்ற திட்டம் என்று ஒற்றை வரியில் கடந்துபோகிறோம். தோற்றது எது என்று யாரும் நின்று கேட்பதில்லை.

2001இல் நிலைமை மாறியது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வங்கிகள் ஏற்றுக்கொண்டன. 4 லட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றில் எது முந்தியதோ அப்போது தவணை தொடங்கும். படிப்புக்குப் பின் வேலை உண்டு என்ற நம்பிக்கையே அக்கடனின் அடித்தளம். தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகிய மாநிலங்களில், தமிழ்நாட்டிலும், அடுத்த பத்தாண்டுகளில் அந்த நம்பிக்கை என்னவாயிற்று என்று இங்கே விளக்கவேண்டியதில்லை. 2009 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களின் வட்டி நிலுவைச் சுமையை அரசே ஏற்கும் என்று 2014 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் அறிவித்தபோது, ஏறத்தாழ 9 லட்சம் மாணவர்கள் பயன்பெறுவர் எனச் சொல்லப்பட்டது. சிக்கலின் அளவை அந்த எண்ணே காட்டும்.

இப்போது வங்கியின் இடத்திலிருந்து பாருங்கள். 2002இன் சர்ஃபேசி சட்டம் ஈடுள்ள கடனுக்கே உதவும். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக நிலுவை 10 லட்சமாவது இருக்க வேண்டும். 2018இல் அது 20 லட்சமாயிற்று. சில மாநிலங்களில் வருவாய் மீட்புச் சட்டம் கைகொடுக்கலாம். மற்றபடி 3 லட்ச ரூபாய்க் கல்விக்கடனுக்கு எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றமும் லோக் அதாலத்தும்தான். வழக்குக்குக் காலமும் செலவும் ஆகும். ஓர் அழைப்புக்குச் செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. ஆகவே வேலை முகவர் நிறுவனத்துக்குப் போகிறது. சிலவேளை கடன் தொகுப்பாக, பெருந்தள்ளுபடியில், சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கே விற்கப்படுகிறது. அந்தத் தள்ளுபடி கடனாளிக்குக் கிடைப்பதில்லை. அவரிடம் முழுத்தொகையும் கேட்கப்படும். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஆலைவாயிலில் தடியுடன் நின்றவர் தாமே நேரில் நிற்கவேண்டியிருந்தது. வெயிலும் பசியும் அவரையும் வாட்டின. தர்ணா இருந்தவரோ தம் உயிரையே பணயம் வைத்தார். துன்புறுத்துவோருக்கும் துன்பம் இருந்ததால் அதற்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. தொலைபேசி அந்த எல்லையை நீக்கிவிட்டது.

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியாததன்று. நேரங்கெட்ட நேரத்தில் தொடர்ந்து தொந்தரவு செய்வதும் அடியாள் பலத்தைப் பயன்படுத்துவதும் கூடாது என்று 2003இன் நியாயமான நடைமுறை விதிகளே சொல்லிவிட்டன. 2007 பிப்ரவரியில் ஒரு வாகனக் கடன் வழக்கில், வங்கிகள் சட்டவழியிலன்றி அடியாள்களை வைத்துக் கடனை மீட்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008 ஏப்ரலில் வசூல் முகவர்களுக்கென்றே தனிச் சுற்றறிக்கை வந்தது. முகவர் யார் என்பதைக் கடனாளிக்கு வங்கி முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். முகவர் அதிகாரக் கடிதம் வைத்திருக்க வேண்டும். கடனாளியின் புகார் நிலுவையில் இருக்கும்போது அக்கடனை முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. 2022 ஆகஸ்ட் 12ஆம் நாளின் சுற்றறிக்கை இன்னும் தெளிவானது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. மிரட்டும் அழைப்போ அடையாளம் மறைத்த அழைப்போ கூடாது. பொதுவில் இழிவுபடுத்தக் கூடாது. குடும்பத்தார், அறிமுகதாரர், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழையக் கூடாது. பிருகஸ்பதியின் ஆசரிதத்துக்கு எதிராக எழுதியது போலவே இருக்கிறது அந்தக் கடைசித் தடை.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட தந்தையை வங்கி தொடர்புகொள்ளலாம், கடன் அவருடையதும்கூட. ஆய்வு நெறியாளரோ விடுதி நண்பரோ அத்தை மகனோ அப்படியல்லர். தந்தையையும் மிரட்டவோ இழிவுபடுத்தவோ எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே அழைப்பு வரும் மாணவர் முதலில் கேட்கவேண்டியது, பேசுபவரின் பெயர், நிறுவனம், அதிகாரக் கடிதம். அழைப்பின் நாளும் நேரமும் எண்ணும் ஒரு தாளில் ஏறிக்கொண்டே இருக்கட்டும். பதிவுகள் இருந்தால் பாதுகாத்து வையுங்கள். பிறகு கிளைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதே கடிதத்தில் படிப்புத் தொடர்வதற்கான சான்றை இணைத்துத் தவணை ஒத்திவைப்போ மறுசீரமைப்போ கேளுங்கள். வேலையின்மைக் காலத்துக்குக் கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை ஒத்திவைப்பு அளிக்கலாம் எனத் திருத்தப்பட்ட மாதிரித் திட்டமே இடம் தருகிறது. கேட்காமல் எந்தக் கிளையும் அதைத் தராது. 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையவழி முறையிடலாம். விளக்கம் பெற 14448 என்ற எண் இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ ஊறு விளைவிப்பதாக மிரட்டினால் அது வங்கி விவகாரம் அன்று. குற்றமுறு மிரட்டல், காவல்நிலையத்துக்கு உரியது. இவற்றில் எதுவும் கடனை மறுப்பது ஆகாது. கட்டவேண்டியது கட்டவேண்டியதாகவே இருக்கும், வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. சட்டமும் பொருளியலும் படிக்கும் நண்பர்கள் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். ‘தொடர்ந்து அழைத்தல்’ கூடாது என்னும் 2022 சுற்றறிக்கை, எத்தனை அழைப்பு என்றால் அது ‘தொடர்ந்து’ ஆகும் என்று எண்ணிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு அழைப்புக்கு மேல் போனால் அதைத் துன்புறுத்தல் என அனுமானிக்கிறது. 1930களின் சட்டங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆலைவாயில் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தொலைபேசிக்கு வாயிலும் இல்லை, தரையில் வரைந்த வட்டமும் இல்லை. இடத்தால் வரையறுக்க முடியாததை எண்ணிக்கையால்தான் வரையறுக்க முடியும். நம் சுற்றறிக்கை மணியை மட்டும் குறித்துவிட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டது. காலை 8 முதல் மாலை 7 வரை பதினொரு மணி நேரம் இருக்கிறது.