டாரட் சீட்டில் ஒரு பாப்பரசி

தேர்வுக்காலம் நெருங்கினால் எங்கள் தில்லி விடுதியில் டாரட் சீட்டுகள் வெளியே வந்துவிடும். சென்ற வாரம் இளம் ஆய்வாளர் ஒருவர் ‘தலைமைப் பெண் குரு’ என்னும் சீட்டை எடுத்துக்காட்டி, அது மறைஞானத்தின் சின்னம் என்றும் பண்டை எகிப்திலிருந்து வந்தது என்றும் விளக்கினார். அச்சீட்டின் பழைய பெயர் ‘பாப்பரசி’, அதாவது பெண் போப், என்றேன். அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். வரலாற்று மாணவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது.

டாரட் பிறந்த இடம் எகிப்தன்று; 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் அது உருவாயிற்று. குறிசொல்வதற்காகவும் அது தோன்றவில்லை. அது ஒரு சீட்டாட்டம். மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூல் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. வழக்கமான சீட்டுகளோடு, அவற்றை வெல்லும் 21 துருப்புச் சீட்டுகளும் கோமாளிச் சீட்டு ஒன்றும் சேர்க்கப்பட்டன. அந்தத் துருப்புகளுள் பேரரசி, பேரரசர், போப் ஆகியோரின் வரிசையில் பாப்பரசியும் இடம்பெற்றாள்.

அவளுடைய மிகப் பழைய உருவம், 1450ஐ ஒட்டி மிலான் ஆட்சிக் குடும்பத்துக்காகத் தீட்டப்பட்ட விஸ்கோந்தி–ஸ்ஃபோர்ட்ஸா சீட்டுத் தொகுதியில் உள்ளது. பொற்றகட்டுப் பின்னணியில், பழுப்புநிறத் துறவுடை அணிந்த ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். தலையில் போப்புக்கே உரிய மும்முடி. ஒரு கையில் சிலுவைக்கோல்; மறுகையில் நூல். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் எவரும் போப் ஆனதில்லை. அப்படியானால் இவள் யார்?

ஆணுருவில் வாழ்ந்து போப் பதவியை எட்டியதாகச் சொல்லப்பட்ட ஜோன் என்ற பெண்ணின் கதை 13ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவில் உலவியது. போக்காச்சியோவும் அவளைப் பற்றி எழுதினார். ஆனால் அக்கதையின் மையமான பிள்ளைப்பேறு இச்சீட்டில் இல்லை.

1966இல் கெர்ட்ரூட் மோக்லி வேறொரு விடையை முன்வைத்தார். 1260ஐ ஒட்டி மிலானுக்கு வந்து 1281இல் இறந்தவர் குல்யெல்மா. அவரைத் தூய ஆவியின் மானிட அவதாரமாகவே சில அடியார்கள் நம்பினர். உமிலியாத்தி சபைத் துறவியான மாய்ஃப்ரேதா அவர்களுக்குத் தலைவியானார். யூதரும் இஸ்லாமியரும் உட்பட அனைவரும் மீட்படையும் புதிய யுகம் வரும், அதில் மாய்ஃப்ரேதாவே போப், அவருக்குக் கீழே பெண்களே கர்தினால்கள் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. 1300ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் மாய்ஃப்ரேதா திருப்பலி நிறைவேற்றினார். எட்டாம் போனிஃபாஸ் உரோமையில் முதல் ஜூபிலியை அறிவித்திருந்த ஆண்டு அது. அதே ஆண்டில் சமய விசாரணை மன்றம் அவரை எரித்தது. குல்யெல்மாவின் எலும்புகளும் கல்லறையிலிருந்து தோண்டப்பட்டு எரிக்கப்பட்டன. மாய்ஃப்ரேதா விஸ்கோந்தி குடும்பத்துக்கு உறவினர். எனவே சீட்டில் இருப்பவர் அவரே, குடும்பம் அவரை மறக்கவில்லை என்பது மோக்லியின் கருதுகோள்.

இதைப் படிக்கும் எவருக்கும் இது உண்மையாக இருக்க வேண்டும் என்றே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எரிப்புக்கும் ஓவியத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஆவணம் ஒன்றுகூட இல்லை. துறவுடையைப் பிரான்சிஸ்கு சபையினரின் உடையாகவும் கொள்ளலாம். மேலும், பாதுவா நகரத் தேவாலயத்தில் ஜோத்தோ 1305ஐ ஒட்டித் தீட்டிய ‘விசுவாசம்’ என்னும் உருவகப் பெண்ணும் ஒரு கையில் சிலுவைக்கோலும் மறுகையில் எழுத்துச் சுருளும் ஏந்தி நிற்கிறாள். விசுவாசத்தை அல்லது திருச்சபையைப் பெண்ணாக உருவகித்த மரபிலிருந்து பாப்பரசி வந்திருக்கலாம் என்பது அவ்வளவு கவர்ச்சியற்ற விளக்கந்தான். ஆனால் அதற்குக் காட்சிச் சான்று கூடுதல்.

ஓவியர் எதைக் கருதியிருந்தாலும் பார்த்தவர்கள் பெண் போப்பையே கண்டனர். 1500ஐ ஒட்டி எழுதப்பட்ட சூதாட்டக் கண்டனப் பிரசங்கம் ஒன்று, கிறித்தவ விசுவாசம் மறுக்கும் ஒன்றெனப் பாப்பரசியைச் சாடுகிறது. பின்னர் பல ஊர்களில் அவளுக்கு இடமில்லாமற் போயிற்று. போப்பின் ஆட்சிக்குட்பட்ட பொலோனியாவில் 1725இல் எழுந்த எதிர்ப்புக்குப் பின், போப் என வழங்கிய சீட்டுகளும் பேரரசச் சீட்டுகளும் நான்கு மூர்களாக மாறின. பெசான்சோன் வகைச் சீட்டுகளில் அவளுக்குப் பதிலாக உரோமானியத் தெய்வமான ஜூனோ அமர்ந்தாள். பெல்ஜியச் சீட்டுகளில் ஓர் ஸ்பானியப் படைத்தலைவன் அவ்விடத்தைப் பிடித்தான்.

1781இல் பாரிஸில் கூர் தெ ஜெபலின், டாரட் எகிப்தியக் குருமாரின் மறைநூல் என்று அறிவித்தார். எகிப்தில் போப் ஏது? ஆகவே பாப்பரசி ‘தலைமைப் பெண் குரு’ ஆனாள். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்பொலியோன் படித்தறிந்தது 1822இல் என்பதை நினைவிற்கொள்க. 1909இல் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் திட்டப்படி பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டில் சாலமோன் ஆலயத்தின் இரு தூண்கள், மாதுளை தீட்டிய திரை, ‘தோரா’ என்றெழுதிய சுருள், காலடியில் பிறை ஆகியவை சேர்ந்தன. நம் விடுதியில் புழங்குவது அச்சீட்டே.

ஜெபலினை நாம் எளிதாக எள்ளிவிடுகிறோம். ஆனால் சான்றில்லாத இடத்தைத் தம் விருப்பத்தால் நிரப்பினார் என்பதே அவர் மீதான குற்றம். அழிக்கப்பட்ட பெண்களை ஆவணங்களில் தேடும் நம் தலைமுறையும் மாய்ஃப்ரேதாவைச் சீட்டில் காண விரும்பும்போது அதையேதான் செய்கிறது. நம் விருப்பம் நியாயமானது என்பதால் அது சான்றாகிவிடாது.

மாய்ஃப்ரேதாவுக்கு அச்சீட்டின் துணை தேவையுமில்லை. 1300ஆம் ஆண்டு விசாரணையில் எழுத்தர் பதிந்த ஏடுகள் மிலானின் அம்புரோசியானா நூலகத்தில் இன்றும் உள்ளன. எரித்தவர்களின் கையால் எழுதப்பட்டவைதாம். ஆயினும் அந்த அடியார்கள் எதை நம்பினார்கள், எங்கே கூடினார்கள், யாருடன் உண்டார்கள் என்பது அவற்றில் இருக்கிறது. அவரைத் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.