நட்சத்திரத்துக்குக் கட்டிய ஓடு

ஜெர்மனியின் ஜெனா நகரில் 1922-ல் எழுந்த அந்தக் குவிமாடத்தில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. மியூனிக் அருங்காட்சியகம் ஒன்றுக்காக, விண்மீன்களை ஒளியால் வரைந்து காட்டும் கருவியை ஸைஸ் நிறுவனம் செய்துகொண்டிருந்தது. அதைச் சோதிக்க, உட்புறம் வெள்ளையான பெரிய அரைக்கோளம் தேவைப்பட்டது. கிடைத்த இடமோ தொழிற்சாலை மொட்டைமாடி. கனமாக எதையும் ஏற்ற முடியாது.

பொறுப்பேற்ற வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் கருவி செய்கிற பொறியாளர், கட்டடக்காரர் அல்ல. அதுவே நல்லதாயிற்று. கட்டடக்காரராக இருந்தால் உத்தரங்களை விலா எலும்புபோல் வளைத்து மேலே கூரை போட்டிருப்பார். இவர் குட்டைக் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, 16 மீட்டர் அகலத்துக்கு வலைக்கூடு நிறுத்தினார். (அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இதே மாதிரிக் கூட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1954-ல். பேர் என்னவோ அவருக்குத்தான்.) டிக்கர்ஹோஃப் உண்ட் விட்மான் என்ற கட்டுமான நிறுவனம் கைகொடுத்தது. வலைக்கு உட்புறம் மரச் சென்ட்ரிங் அடித்து, வெளியிலிருந்து கான்கிரீட்டைப் பீய்ச்சினார்கள். தடிமன் 3 சென்டிமீட்டர்! கோழிமுட்டை ஓட்டின் தடிமன் முட்டை அகலத்தில் நூற்றுச் சொச்சத்தில் ஒரு பங்கு. இது ஐந்நூறில் ஒன்றுகூட இல்லை.

பிறகு எப்படி நின்றது? உத்தரத்தில் பாரம் ஏறினால் அது தொய்யும். மேல்முகம் நசுங்கும், அடிமுகம் இழுபடும், நடுவிலுள்ள கான்கிரீட் சும்மா கிடக்கும். குவிந்த ஓட்டில் பாரம் உச்சியிலிருந்து ஓட்டின் வழியாகவே சரிந்து இறங்குகிறது. வழியில் ஓடு உள்ளே அமிழவோ வெளியே பிதுங்கவோ பார்த்தால், குறுக்கே சுற்றும் வளையங்கள் விடுவதில்லை. மேல் வளையங்கள் சுற்றுவாட்டில் நெருக்கப்படும்; கீழ் வளையங்கள் பீப்பாய்ப் பட்டைபோல் இழுபடும், அந்த இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்ளும். தடிமன் முழுக்க ஒரே அமுக்கம் அல்லது ஒரே இழுப்பு. தொய்வதற்கு அநேகமாக வேலையே இல்லை. அடி விளிம்பு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மெல்லிய ஓட்டுக்கு உண்மையான பயம் வேறு: நசுங்குவதற்கு முன்பே திடீரென்று குழிந்துவிடுவது.

1926-ல் அதே ஊரில் கோளரங்கமே எழுந்தது: அகலம் 25 மீட்டர், தடிமன் 6 சென்டிமீட்டர். ஓட்டின் கணக்கை விரித்தெழுதிய ஃப்ரான்ஸ் டிஷிங்கர், 1929-ல் லைப்சிக் காய்கறிச் சந்தைக்கு 65 மீட்டருக்கும் மேல் அகலமான இரண்டு குவிமாடங்களைப் போட்டார். ஊரார் அந்தச் சந்தைக்கு வைத்த பெயர், நூல்கோல் சர்க்கஸ்.