தொழில் இல்லாதவர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே நம் புதுச்சேரியில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றும் மேரியில் முறையாகப் பதிவாகி வந்தன. என் தகப்பனாருடைய திருமணப் பதிவின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பெற்றோரின் பெயரும் தொழிலும் உண்டு. தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் 'குல்த்திவத்தேர்', அதாவது பயிர்த்தொழில் செய்பவர். ஆயாவின் பெயருக்குப் பக்கத்தில் 'சான் புரொஃபெசியோன்', தொழில் இல்லாதவர்.

நானும் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன்தான். அப்படி எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். கூலியோ சம்பளமோ வராத வேலைக்கு அவரிடம் வேறு சொல் இருந்திருக்காது. ஆனால் அந்த வேலை என்ன என்பதை நாமாவது எழுதி வைக்க வேண்டும்.

ஆயா வாழ்ந்தது பாகூர் கொம்யூனில் ஒரு சிற்றூர். ஏரிப் பாசனம், நெல் விவசாயம். அறுப்பும் களமும் தாத்தாவின் பொறுப்பு. நெல் வீடு வந்து சேர்ந்த பிறகு எல்லாம் ஆயாவின் பொறுப்பு. ஊறவைத்து, அவித்து, வாசலில் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்தால்தான் நெல் அரிசியாகும். பக்கத்தில் ரைஸ்மில் வரும்வரை இதுதான் நடைமுறை. தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, நொய் கஞ்சிக்கும் கோழிக்கும். குதிரில் இருக்கும் நெல் அடுத்த அறுப்பு வரை தாங்குமா என்று அளந்து செலவு செய்தவளும் அவள்தான். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதை நெல்லைத் தொட விடமாட்டாள். சுரை, பீர்க்கு, அவரை விதைகளைச் சாம்பலில் புரட்டி, அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவாள். வண்டு அண்டாது.

சித்திரை வெயிலில் வடகம் போடுவாள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் கலந்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துப் பல நாள் காயவைப்பாள். அதில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டால் குழம்பு மணக்கும். அதே வடகம்தான் பிரான்சு வரை போய், இன்று 'வதுவான்' என்ற பெயரில் அங்கே மசாலாப் பொருளாக விற்கிறது.

மோர், முட்டை, கோழி விற்ற காசு ஆயாவின் சிறுவாடு. அரிசிப் பானையின் அடியில் முடிச்சாக இருக்கும். ஏரி நிரம்பாத ஒரு வருஷம் தாத்தா மகனின் படிப்பை நிறுத்திவிடப் பார்த்தாராம். ஆயா முடிச்சை அவிழ்த்து வைத்தாளாம். அந்தக் காசில்தான் என் தகப்பனார் நகரத்தில் தங்கிப் படித்து, 'பிரெவே' தேறி, உத்தியோகத்துக்குப் போனார். அதனால் நானும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். இன்று மாதாமாதம் எனக்கு வரும் பென்ஷனுக்கு முதல் போட்டவள், எழுதப் படிக்கத் தெரியாத அவள்தான்.

அரசியல் அவளுக்குத் தெரிந்தது கூடை வழியாகத்தான். பாகூரிலிருந்து புதுச்சேரி நகரம் போக நடுவில் இந்திய எல்லையைக் கடக்க வேண்டும். 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-இல் முடிவுக்கு வந்ததும் சோதனை கெடுபிடியானது. மகனுக்குக் கொண்டுபோகும் பலகாரத்தைக்கூடக் கிளறிப் பார்ப்பார்கள் என்று சலித்துக்கொள்வாள். 18.10.1954 அன்று கீழூரில் வாக்களித்த பிரதிநிதிகள் 178 பேர். அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆயாவை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் கூடையையும் யாரும் கேட்கவில்லை. அந்த மட்டில் அவளுக்கு அது நல்ல சுதந்திரம்.

ஆட்சி மாறியும் கணக்கு மாறவில்லை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண் 'வேலை செய்யாதவர்' பிரிவில்தான் வருகிறார். 2001-இல் லதா வாத்வா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். நெல் குத்தும் வேலையெல்லாம் மறைந்த பிறகும் இந்த நிலை!

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதியதால் 1736-லிருந்து கால் நூற்றாண்டுப் புதுச்சேரியைக் கண்முன்னே பார்க்கிறோம். நம் ஆயாமார்களுக்கு அப்படி எழுத ஆளில்லை. அவர்களைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். உங்கள் ஆயா எப்போது எழுந்தாள், என்ன விற்றாள், சிறுவாட்டை எதற்குச் செலவழித்தாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் என்றாவது ஒருநாள் தேடுவார்கள்.