பார்ட்ஸ் லிஸ்ட் வந்த வழி

ஒரு மோனோபிளாக் பம்பைப் பிரித்துப் போட்டால் கேசிங், இம்பெல்லர், ஷாஃப்ட், சீல், பேரிங், ஸ்டேட்டர், வைண்டிங் ஒயர், போல்ட், வாஷர் என்று மேசை நிறைந்துவிடும். எதெது, எத்தனை, எதற்குள் எது என்று எழுதிவைத்த தாள்தான் பார்ட்ஸ் லிஸ்ட். ஆபீஸில் பி.ஓ.எம். என்பார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் ஈ.ஆர்.பி. மென்பொருள்கள் இன்றும் இந்த லிஸ்டை நம்பித்தான் ஓடுகின்றன.

முதலில் அது டிராயிங்கின் ஓரத்தில் ஒரு கட்டமாக இருந்தது. பிறகு துளையட்டைக்கு மாறியது. அட்டைக் கட்டை வரிசையாகத்தான் படிக்க முடியும். 1956இல் ஐ.பி.எம். ராமாக் என்ற கணினியை வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துதான். ஆனால் வேண்டிய பாகத்தின் பதிவை நேரே போய் எடுக்கலாம். லிஸ்டின் வாழ்க்கையே அதில் மாறிப்போனது.

அமெரிக்காவின் ரசீன் நகரில் ஜே.ஐ.கேஸ் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசப் ஆர்லிக்கி, 1960களின் தொடக்கத்தில் இந்த வசதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதுவரை சரக்கு ஓர் அளவுக்குக் கீழே போனால் ஆர்டர் போடுவதுதான் வழக்கம். டிராக்டர் எத்தனை விற்கும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும், அதன் பாகங்களை எதற்கு ஊகிக்க வேண்டும், கணக்கே போடலாமே என்றது அவருடைய முறை. எம்.ஆர்.பி., அதாவது பொருள்தேவைத் திட்டமிடல், என்று அதற்குப் பெயர் வந்தது.

நம் பம்புக்கே போட்டுப் பார்ப்போம். ஆர்டர் 100 பம்ப். ஸ்டோர்ஸில் 30 இம்பெல்லர், பவுண்டரியிலிருந்து வர வேண்டியது 20. இன்னும் 50 வேண்டும். இந்த வாரத்தையும் சேர்த்து ஐந்தாவது வாரக் கடைசியில் லாரி ஏற்ற வேண்டும். பவுண்டரிக்கு 3 வாரம், மெஷினிங்குக்கும் அசெம்பிளிக்கும் 1 வாரம். பின்னோக்கிக் கழித்தால் இந்த வாரக் கடைசிக்குள் ஆர்டர் போயாக வேண்டும். எல்லாப் பாகத்துக்கும் இப்படிப் போடுவது மனிதனால் ஆகாத காரியம்.

1972இல் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஆர்-3 என்ற மென்பொருள் 1992இல் வந்தது. கொள்முதல், கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே கூரைக்குள் வர, லிஸ்டும் அதற்குள் போனது. இப்படிப்பட்டதுதான் ஈ.ஆர்.பி.

நம் சிறு பட்டறைகளில் கணினி நுழைந்தது பெரும்பாலும் கணக்கு எழுதத்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நிலைமை இறுகியது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய காஸ்டிங் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அதை விற்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தச் சலானில் எத்தனை போனது என்பதை நோட்டில் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. இப்போது மாதச் சந்தாவில் கிளவுட் மென்பொருள் கிடைக்கிறது. செல்போனிலேயே பார்கோடு படிக்கலாம். சின்ன முதலாளிகளுக்கு இது பெரிய வரம். செயற்கை நுண்ணறிவு விற்பனையைக் கணித்துச் சொல்லும் என்றும் விற்கிறார்கள்.

சொல்லட்டும். பட்டறையில் ஃபிட்டர் வேறு பேரிங் போட ஆரம்பித்திருப்பார். லிஸ்டில் பழையதே இருக்கும். வைண்டிங்கில் வீணாகும் ஒயரை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். கணினி தப்பில்லாமல் கணக்குப் போட்டுத் தப்பான சரக்கை வாங்கிக் குவிக்கும். ஆர்லிக்கியின் சகாவான ஆலிவர் வைட்டின் வழியில் வந்தவர்கள், லிஸ்ட் 98 சதவீதமாவது சரியாக இருக்க வேண்டும் என்று அளவுகோலே வைத்தார்கள். லிஸ்டை அப்படிச் சரியாக வைத்திருக்கும் வேலைக்கு இன்றுவரை குறுக்குவழி வரவில்லை.

மென்பொருள் வாங்கப் போகிறீர்களா? டெமோவுக்கு ஆள் வரும் முன் ஒரு பம்பைப் பிரித்து, ஸ்டோர்ஸ்காரரையும் ஃபிட்டரையும் உட்காரவைத்து லிஸ்டைச் சரிபாருங்கள். இனி அதைத் திருத்தும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். விலை பேசுவது அதற்கப்புறம்.