ஒருமித்த கருத்தை எழுதும் கை

அவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது என்று குறிப்பேட்டில் எழுதப்படுவது வழக்கம். ஆயினும் அத்தீர்மானத்தின் வாசகத்தை அவை முழுவதும் கூடி எழுதுவதில்லை. ஒருவர் எழுதுகிறார், ஏனையோர் ஒப்புகின்றனர். எச்சொல்லை அவர் வைத்தார், எதனை விடுத்தார் என்பதிலேயே முடிவின் பாதி அடங்கிவிடுகிறது. பலர் கூடி முடிவெடுக்கும் பணிக்குக் கணிப்பொறி துணைவந்த வரலாற்றையும் இந்தக் கேள்வியோடு நோக்குதல் தகும்: வாசகத்தை எழுதியது யார்?

அவ்வரலாறு கணிப்பொறிக்கு முன்பே தொடங்குகிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் ஆகிய இருவரும் ஒரு முறையை வகுத்தனர். வல்லுநர்கள் நேரில் கூடவேண்டியதில்லை. ஒருவர் விடை மற்றவருக்குப் பெயரின்றியே தெரிவிக்கப்படும். அதனைக் கண்டபின் ஒவ்வொருவரும் தம் விடையைத் திருத்தலாம். பதவியில் பெரியவர் பேசியதும் மற்றவர் அடங்கிப்போகும் அவைநோய்க்கு இது மருந்தாயிற்று. அமெரிக்கப் படைக்கலத் தொழிலை முடக்க எத்தனை அணுகுண்டுகள் வேண்டும் என்பதே முதல் ஆய்வில் வினவப்பட்டது! ஏழு வல்லுநர்களின் விடைகள் தொடக்கத்தில் 50 முதல் 5000 வரை சிதறிக் கிடந்தன; இறுதியில் 167க்கும் 360க்கும் இடையே நெருங்கி வந்தன. குறிசொல்லும் கிரேக்கக் கோயிலின் பெயரால் இம்முறை டெல்ஃபி எனப்பட்டது. கருத்துகளைத் தொகுத்துச் சுருக்கியதும், எதனைத் திருப்பியனுப்புவது என்று முடிவு செய்ததும் ஆய்வாளர் கைகளே.

இவ்வெண்ணம் வல்லுநர் அறையை விட்டுக் குடிமக்களிடம் வந்துசேர அறுபது ஆண்டுகள் கடந்தன. அதற்குக் களமாக அமைந்தது தைவான். சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தத்தை ஆளுங்கட்சி போதிய ஆய்வின்றி நிறைவேற்ற முற்பட்டபோது, 2014 மார்ச் 18 அன்று மாணவர்கள் நாடாளுமன்ற மண்டபத்திற்குள் புகுந்து அமர்ந்தனர். ஏப்ரல் 10 வரை அங்கிருந்து அகலவில்லை. சூரியகாந்தி இயக்கம் என்று பெயர்பெற்ற அக்கிளர்ச்சிக்குத் துணைநின்றவர்களுள் 'கவ் ஸீரோ' என்னும் நிரலாளர் குழுவினரும் இருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அமைச்சர் ஜாக்லின் சாய் அவர்கள் கூட்டத்திற்கே சென்று, சட்டங்களைப் பொதுமக்கள் கலந்தாய ஒரு களம் அமைத்துத் தருமாறு வேண்டினார். அவ்வாறு பிறந்ததே வீ-தைவான்.

2015இல் ஊபர் நிறுவனத்தைப் பற்றிய பூசல் அங்கே ஆய்வுக்கு வந்தது. அதற்குக் கையாளப்பட்ட கருவி, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவான பாலிஸ். அதன் அமைப்பு எளியது. பங்கேற்பவர் தம் கருத்தை ஒரு வாக்கியமாக எழுதலாம். பிறர் வாக்கியத்திற்கு உடன்பாடு, மறுப்பு, விலகல் என மூன்றில் ஒன்றைக் காட்டலாம். மறுமொழி எழுத மட்டும் வழியில்லை! வசைக்கு இடமே இல்லாதபோது, எதிர்த்தரப்பினரும் ஏற்கக்கூடிய வாக்கியத்தை எழுதுவோரே முன்னிற்க இயலும். யார் எதற்கு எவ்வாறு வாக்களித்தனர் என்பதைக் கணித்து, ஒத்த மனத்தினரை அருகருகே நிறுத்தி, இயந்திரம் ஒரு வரைபடம் தீட்டும். ஊபரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அப்படத்தில் இரு கூட்டமாகப் பிரிந்து நின்றனர். நாள்கள் செல்லச்செல்ல இரு கூட்டமும் ஒருங்கே ஏற்ற வாக்கியங்கள் மேலெழுந்தன. இதனை வாய்ப்பாகக் கொண்டு வாடகைக்கார்த் தொழிலின் நிருவாகத்தையும் தரத்தையும் அரசு உயர்த்தவேண்டும் என்ற கருத்துக்கு ஏறத்தாழ எல்லோரும் இசைந்தனர். அதனை எழுதியதும் இயந்திரமன்று, பங்கேற்றவருள் ஒருவர்.

2016இல் புதிய வாடகைக்கார் விதிகள் வெளிவந்தன. எனினும் பூசல் அத்துடன் ஓயவில்லை. தண்டத்தொகை கடுமையாக்கப்பட்டதும் 2017 பிப்ரவரியில் ஊபர் சேவையை நிறுத்தியது. உரிமம் பெற்ற வண்டி நிறுவனங்களுடன் இணைந்து ஏப்ரலில் மீண்டும் வந்தது. வீ-தைவானின் முடிவுகள் அரசைக் கட்டுப்படுத்துவனவல்ல என்பதையும் மறைப்பதற்கில்லை. மக்கள் ஒருமித்தாலும் அமைச்சகம் செவிசாய்த்தால்தான் சட்டமாகும்.

பேனா இயந்திரத்தின் கைக்கு மாறிய நிகழ்ச்சி 2024 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழ்வழி வெளிவந்தது. கூகிள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய அக்கருவிக்கு ஜெர்மானிய மெய்யியலார் யூர்கன் ஹாபர்மாஸின் பெயர் இடப்பட்டது. சான்றோர் நேர்நின்று நியாயம் பேசுவதையே வாழ்நாள் கொள்கையாக வலியுறுத்தியவரின் பெயரை, ஒருவரையொருவர் நேரில் பேசவிடாத கருவிக்குச் சூட்டியது விந்தையே. பிரிட்டனில் 5,734 பேர் இவ்வாய்வுகளில் பங்கேற்றனர். சிறு குழுக்களாக அவர்கள் எழுதித்தந்த கருத்துகளைக் கொண்டு இயந்திரம் பல வாசகங்களை ஆக்கி, குழுவினர் மிகுதியும் ஏற்பர் எனத் தான் கணித்ததை முன்வைத்தது. அவர்கள் குறைகூறவே மீண்டும் திருத்தி எழுதியது. மனித நடுவர் எழுதிய வாசகங்களுக்கு எதிராக இயந்திரத்தின் வாசகங்கள் நூற்றுக்கு 56 விழுக்காடு விருப்பம் பெற்றன. சிறுபான்மையோரின் குறைகூறலுக்குத் திருத்தத்தில் கூடுதல் இடம் கிடைத்ததென்றும் ஆய்வு கூறுகிறது. இது பாராட்டத்தக்கதே. ஆனால் தைவானில் உடன்பாட்டுச் சொல்லைத் தேடி மனிதர் பட்ட பாடு இங்கே இல்லை. எதிராளி ஏற்கும் வாக்கியத்தை எழுத முனைபவர் சிறிது நேரமேனும் அவர் நிலையில் நின்று பார்க்கிறார். எழுதிக்கொடுத்ததைத் தேர்ந்தெடுப்பவர்க்கு அது கட்டாயமில்லை. கூறப்படும் செய்தி உண்மையா எனச் சரிபார்க்கும் ஆற்றல் கருவிக்கு இல்லை என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டுள்ளனர்.

வாக்குரிமை வயதை 16ஆகக் குறைக்கலாமா என்பது அக்குழுக்கள் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. அவ்வாறே குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. அம்முடிவு வந்த வழி வேறு: தொழிற்கட்சி 2024இல் தன் தேர்தல் அறிக்கையில் எழுதிவைத்த வாக்குறுதி அது.