கட்டளைத் தாளில் ஏன் இத்தனை வரி?

தடித்த கையேட்டை ஒற்றைத் தாளில் அடக்கும் பழக்கம் கணினித் துறையில் பழையது. 1960களில் ஐபிஎம் சிஸ்டம்/360 நிரலாளர்களிடம் மடித்து வைத்துக்கொள்ள ஒரு பச்சை அட்டை இருந்தது. இயந்திரக் கட்டளைகள் அத்தனையும் அதில் அடக்கம். அடுத்து வந்த சிஸ்டம்/370க்கு மஞ்சள் அட்டை. இன்று அந்த இடத்தில் இருப்பது, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் கட்டளைத் தாள். அது ஏன் இவ்வளவு நீண்டது என்று அறிய, கிட் பிறந்த அவசரத்தைப் பார்க்க வேண்டும்.

2005 ஏப்ரலில், லினக்ஸ் கர்னல் குழு நம்பியிருந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் பறிபோனது. ஏப்ரல் 3 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் மாற்றுக் கருவி எழுத உட்கார்ந்தார். 7ஆம் தேதி கிட்டின் மூலநிரல் கிட்டுக்குள்ளேயே ஏறிவிட்டது. முதல் பதிப்பில் இருந்தவை ஏழே நிரல்கள்: ரைட்-ட்ரீ, கமிட்-ட்ரீ, கேட்-ஃபைல் போன்றவை. எல்லாம் அடித்தள வேலைக்கானவை; அன்றாடப் புழக்கத்துக்கு வேண்டியதை மேலே பிறர் கட்டிக்கொள்ளலாம். அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார். அதன்பின் தேவைப்பட்டவர் தேவைப்பட்டதைச் சேர்த்தார். முழுக் கட்டடத்துக்கும் முன்கூட்டியே வரைபடம் போட்டவர் யாருமில்லை.

சுருக்கத் தாளின் தேவை கிட் குழுவுக்குள்ளேயே உணரப்பட்டது. சுமார் இருபது கட்டளைகளில் அன்றாட கிட் என்ற ஆவணம் கிட்டுடனேயே வந்தது. தனியாக எழுதுபவர், குழுவில் பங்கேற்பவர், பிறர் மாற்றங்களை ஒன்றிணைப்பவர், களஞ்சியத்தை நிர்வகிப்பவர் என ஆள் வாரியாகப் பிரித்திருந்தார்கள். பின்னாளில் வந்த அகரவரிசைத் தாள்களை விட இதுவே புத்திசாலித்தனமான ஏற்பாடு.

2007இல், முடியாத மாற்றங்களை ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷும், கமிட்டுகளை மாற்றி அடுக்கும் ஊடாடும் ரீபேஸும் வந்தன. ஊடாடும் ரீபேஸைத் தொடங்கினால் பிக், ஸ்குவாஷ், எடிட் என்று எதற்கு எது என்ற விளக்கம், அது திறக்கும் கோப்பின் அடியிலேயே வந்து நிற்கும். குறிப்புத் தாளைக் கருவியே கையில் கொடுத்துவிடுகிறது! ஆனால் ரீபேஸில் மோதல் வந்தால் அவர்ஸ், தேர்ஸ் இரண்டும் மெர்ஜில் இருப்பதற்கு நேர்மாறு. அதைத் தாளில் சிவப்பு மையில்தான் எழுத வேண்டும்.

பைசெக்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2005லிருந்தே இருக்கிறது, ஆயிரம் கமிட்டுகளுக்குள் ஒளிந்த பிழையைப் பாதி பாதியாக வெட்டி, ஏறத்தாழ பத்துச் சோதனையில் பிடித்துவிடும்.

செக்கவுட்தான் நெடுநாள் தலைவலி. கிளை மாறவும் அதுவே, கோப்பைப் பழைய நிலைக்கு மீட்கவும் அதுவே. 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பில் ஸ்விட்ச், ரெஸ்டோர் என்று வேலையைப் பிரித்தார்கள். செக்கவுட்டை நீக்கவில்லை, ஆகவே தாளில் வரிகள் கூடினவே தவிர, குறையவில்லை.

எதை விட்டாலும் ரீஃப்ளாக்கை உங்கள் தாளில் விட்டுவிடாதீர்கள். ரீபேஸில் தொலைத்ததாக நினைக்கும் கமிட், இயல்பான அமைப்பில் 30 நாளாவது அதில் கிடைக்கும்.