பைத்துல்மால் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது

ஊர் பைத்துல்மாலின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம் என்றால் பெரும்பாலும் முகப்புப் படத்தைத்தான் மாற்றுகிறோம். முதலில் மாற வேண்டியது நன்கொடைப் பக்கம்.

"நன்கொடை" என்று ஒரே பொத்தான் இருந்தால், வந்த தொகை ஜகாத்தா ஸதகாவா என்று நிர்வாகிகளுக்குத் தெரியாது. ஜகாத், அத்தவ்பா அத்தியாயத்தின் 60வது வசனம் கூறும் எட்டு வகையினருக்கு உரியது. ஸதகாவில் கிணறும் வெட்டலாம். எனவே தொகையைக் கேட்கும் முன் நிய்யத்தைக் கேட்க வேண்டும். ரசீதிலும் அது வர வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட்டுடன் வளைகுடாவில் இருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு தேவை. ஆகவே குடியுரிமை பற்றிய கேள்வியும் படிவத்தில் இருக்கட்டும்.

க்யூஆர் கோடு மட்டும் போதாது. செல்போனில் பார்ப்பவர் அதே போனின் கேமராவால் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? யுபிஐ முகவரியை நகலெடுக்கும் வசதி வேண்டும்.

கொடுப்பவருக்கு இவ்வளவு யோசிக்கும் நாம், உதவி கேட்டு வருபவரை மறந்துவிடுகிறோம். பல தளங்களில் அவருக்கென்று ஒரு பக்கமே இல்லை. இருந்தாலும் ஆங்கிலப் படிவத்தை அச்செடுத்து, நிரப்பி, அனுப்பச் சொல்கிறது. இத்தாவில் இருக்கும் பெண் அதற்கு எங்கே போவார்? பெயர், மஹல்லா, செல்போன் எண், தேவை என்ன என்பதைத் தமிழில் கேட்டால் போதும். மற்றதை நிர்வாகிகள் விசாரித்துக் கொள்ளலாம். அறிவிப்புகளை நோட்டீஸ் படமாகப் போடாமல் யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்தால், பார்வையற்றவரின் செல்போனும் அதை வாசித்துக் காட்டும்.

தையல் மெஷின் வாங்கியவரின் புகைப்படங்கள் பழைய தளத்தில் இருந்தால், அவற்றைப் புதியதற்கு மாற்ற வேண்டாம்.